கழுத்தில் மாட்டிய வானவில் கயிறு

இன்று எங்கள் பிஸ்கட்டவே ஊர் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற காரின் கண்ணாடியில், பட்டமளிப்பு அங்கியின் மேல் கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று தொங்கியது. பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

உனக்குக் கிடைத்தது வானவில் நிறக் கயிறு. பெரிய பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, உன்னைப் போன்ற மாணவர்களைக் கொண்டாடத் தனியாக ஒரு சின்ன விழா நடந்தது. நீ என்னை மட்டும்தான் அழைத்தாய். மேடையில் உன் பெயரைச் சொன்னதும் நீ சிரித்தாயே, பள்ளியிலிருந்து உன்னைத் தெரிந்த நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. "வீட்ல நானே சொல்லிக்கறேன், டைம் வரட்டும்" என்றாய்.

உன் அம்மாவோ அதை மெரிட் பரிசு என்று நினைத்துவிட்டார். நம் வீடுகளில் கழுத்தில் விழும் எதுவும் ரேங்க்தானே! நீ பட்டம் வாங்கியதற்கு உன் வீட்டில் வைத்த பார்ட்டியில் அதைத் தானே மாட்டிக்கொண்டு, "பொறுக்கி எடுத்துத்தான் குடுப்பாங்களாம்" என்று ஒவ்வொரு ஆன்ட்டியிடமும் காட்டினார். என் அம்மா எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார், "நீயும் அதே காலேஜ்தானடி? உனக்கு ஏன் குடுக்கல?"

சின்ன வயதிலிருந்து உன்னோடு ஒப்பிட்டே என்னை வளர்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது மார்க்குக்குக் குடுத்ததில்லம்மா. ஆம்பளைய லவ் பண்ற பசங்களுக்குக் குடுத்தது."

உன் அம்மா கயிற்றைக் கழற்றி, எச்சில் பேப்பர் தட்டுகளோடு குப்பையில் போட்டார். உன் அப்பா, "கெஸ்ட் எல்லாம் கிளம்பட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "ஹாப்பியா?"

அந்த வாரமே வேலை என்று டெக்சாஸில் ரிச்சர்ட்சன் போனாய். என் மெயில் எதற்கும் பதில் இல்லை. மூன்று வருடம் கழித்து, ஃப்ரீவே விபத்துக்குப் பிறகு, சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தாய்.

உன் தலைமாட்டில் நின்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ பொறாமைல சொன்ன பொய்தானேம்மா? பொய்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

டெக்சாஸில் உன்னோடு வாழ்ந்து, உன் பெட்டியோடு வந்திருந்த மதுரைக்காரர் பின்னால் நின்றிருந்தார். அவரை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "ஆமா ஆன்ட்டி, பொய்தான்."

வீட்டில் விடுவதற்காக உன் அம்மாவை என் காரில் ஏற்றியபோது, பார்க்கிங்கில் அந்த மதுரைக்காரர் என் ஜன்னலருகே வந்தார். "மூணு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம்ங்க. அதுவும் பொய்யா?"

நான் கண்ணாடியை ஏற்றினேன். பின்சீட்டிலிருந்து உன் அம்மா, "நல்ல பொண்ணு" என்று என் தோளைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையை இன்றுவரை என்னால் உதற முடியவில்லை.