நிறம் மட்டு என்று சொன்னவள் நான்தான்

என் செல்லச் சுந்தரிக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது என்று சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்த ஊர், படித்த படிப்பு, பாடகர் குழுவில் பாடிய வருஷங்கள் என்று ஆரம்பித்தேன். நாலு வரி எழுதியதும் அதில் நீ இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. என் மகன் டேவிட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. உன் தட்டில் இருக்கும் முட்டையைப் பிடுங்கித் தின்பானே, அதே டேவிட்தான். பெண் நீலசந்திராவில் பள்ளிக்கூட டீச்சர், பெயர் ரூபி. சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது. உன் மகள் பிரேமாவுக்கு உன் குரல் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பந்து எறிகிறாள் பார், பள்ளிக்கூடத்தில் அவளை எதிர்த்து ஆட ஆள் இல்லை. உன் செல்வராஜ் இன்னும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார்.

டேவிட் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம். என் கொழுந்தனார் செல்வராஜுக்கு உன்னைப் பார்க்க அத்திபெலேக்கு பஸ்ஸில் வந்தோம். மூத்த மருமகள் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். நாத்தனார் மேரி அண்ணியும் கூட வந்தார். நீ ஒரு கீர்த்தனை பாடிவிட்டு உள்ளே போனாய். நம் மாமியார் என் பக்கம் குனிந்து, எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது, படிப்பும் இருக்கிறது, நிறம்தான் மட்டு என்றேன். உன்னைவிட நான் இரண்டு பிடி வெளுப்பு. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே பெருமை அது. அதை விட்டுவிட மனசில்லை போலிருக்கிறது. பிறகு நீ காபி கொண்டு வந்தாய். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன்.

இந்தப் பெண்தான் வேண்டும் என்று செல்வராஜ் ஒற்றைக் காலில் நின்றார். நீ ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்துவிட்டாய். ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. ஓரகத்திகள் என்றால் சண்டை வரும் என்று தெருவே காத்திருந்தது. நீயோ வந்த மாதமே பாதிரியார் இருமுவதைப்போல இருமிக் காட்டினாய், சிரித்த சிரிப்பில் நான் குழம்பைத் தீய விட்டேன்.

ரொட்டிக்கடையை மறந்திருக்க மாட்டாய். கவுன் போட்டவர்கள் நமக்குப் பின்னால் வந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிய பிறகும் அந்தக் கடைக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை. நான் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வரப் பார்ப்பேன். நீ கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நகராமல் நிற்பாய். என் முறை வந்துவிட்டது, நீங்கள் மெதுவாக வாருங்கள், நான் நிற்கிறேன் என்று கடைப் பெண்ணிடம் சுத்தமான இங்கிலீஷில் சொல்வாய். குரல் உயரவே உயராது. வேறு யார் கை நீட்டினாலும் உன் தோளைத் தாண்டித்தான் நீட்ட வேண்டும். மூன்றாவது வாரம், உன் தலையைப் பார்த்ததுமே அந்தப் பெண் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள்.

அப்புறம் அந்தக் கல்யாண வரவேற்பு. செல்வராஜின் ஆபீஸ் பெரியவர் வீட்டுக் கல்யாணம். நீ தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும், நான் ஆர்மோனியம். நல்ல பட்டுப்புடவையில், பாட்டுத் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தாய். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி நேராக உன்னிடம் வந்து தன் குழந்தையை உன் கையில் வைத்தாள். பால் புட்டியையும் கொடுத்தாள். ஆயா, இவனை வெளியே வைத்திரு, உள்ளே புழுங்குகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எனக்குக் காதெல்லாம் சூடு. அவள் பின்னால் போகப் புறப்பட்டேன். நீ வேண்டாம் என்று தலையசைத்தாய். குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாய். அதற்குள் மேடையிலிருந்து "திருமதி ஞானசுந்தரி செல்வராஜ்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். குழந்தையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடை ஏறினாய்.

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். நீ பாட ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது. குழந்தை உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவன் மாதிரி. இரண்டாம் சரணத்தில் உன் தோளில் தூங்கிப்போனான். மூன்றாம் வரிசையில் அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கடைசி அடியை இன்னொரு முறை வாசித்துவிட்டேன். நீயும் சளைக்காமல் இன்னொரு முறை பாடினாய்.

இறங்கி வந்து குழந்தையை அவளிடம் பத்திரமாகக் கொடுத்தாய். கீழ் ஸ்வரத்தில் பாடினால் இவன் தூங்குகிறான் என்றாய். இவன் பெயர் என்ன என்று கேட்டாய். ஆண்ட்ரூ என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் சுந்தரி. இவங்க எஸ்தர், என் அக்கா" என்றாய்.

சாயங்காலம் ஜட்காவில் திரும்பும்போது உன்னிடம் கேட்டேன். உனக்குக் கோபமே வராதா?

"வராம என்னக்கா? நல்லாவே வந்துச்சு. ஆனா அடுத்த நிமிஷம் பாடணுமே. இருக்கற மூச்சைக் கோவத்துக்குக் குடுத்துட்டா பாட்டுக்கு என்ன பண்றது?"

கொஞ்ச தூரம் போன பிறகு நீயே சொன்னாய். "நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவும் இதேதான். எங்க வீட்ல நடுவுல வெறும் தட்டிதான். நீங்க அத்தைகிட்ட சொன்னது கேட்டுச்சு. காபியைக் கீழ போடாம கொண்டாந்தேன் பாருங்க, அதுக்கே எனக்கு மெடல் குடுக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நிஜமாகவே சிரித்தாய். நான் குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் குழந்தையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விலாசம் விசாரித்து வந்திருந்தாள். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டாள். நீ உள்ளே கூப்பிட்டு டீயும் முறுக்கும் கொடுத்தாய். கப்பலேறும் வரை பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து அந்தப் பாட்டை உன்னிடம் கற்றுக்கொண்டாள். கடைசி வரை அவளுக்கு 'ழ' வரவில்லை. நாம் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்போம், அவளையும் சேர்த்துத்தான்.

யோசித்துப் பார் சுந்தரி. எங்கிருந்தோ வந்தவளுக்கு மன்னிப்புக் கேட்க மூன்று நாள் போதுமாயிருந்தது. பக்கத்து அடுப்பில் சமைத்த எனக்கு, ஜட்காவில் நீ சொன்ன பிறகும் ஒன்பது வருஷம் போதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். காமாலை வந்து பதினெட்டே நாளில் நீ போய்விட்டாய்.

இப்போது போன வாரக் கதை. ரூபியைப் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நம் நாத்தனார் மேரி அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, எல்லாம் சரி, நிறம்தான் மட்டு என்றார். டேவிட்டின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்குள் குப்பென்று ஏறியது. வாயைத் திறப்பதற்கு முன் மூச்சை ஒரு முறை ஆழமாக இழுத்து விட்டேன்.

"எதுக்கு மட்டு அண்ணி? பாடம் சொல்லிக் குடுக்கவா, சிரிக்கவா? சொல்லுங்க, எனக்கும் தெரியணும்."

அண்ணி ரசக் கரண்டியைக் கீழே வைத்தார். "சுந்தரியைப் பாத்துட்டு நீதானே இதையே சொன்ன?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வராஜும் பார்த்தார்.

"ஆமா அண்ணி, நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். தட்டிக்கு அந்தாண்ட நின்னு அவ கேட்டுட்டு இருந்தா."

செல்வராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பன்னெண்டு வருஷம் கூட இருந்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. இப்படிப்பட்டவளோடா வாழ்ந்தேன் என்ற பெருமை. மேரி அண்ணி கை கழுவிவிட்டு வந்து, அந்தப் பெண்ணுக்கு மாம்பழக் கலர் எடுப்பாக இருக்கும், நிச்சயத்துக்கு அதையே எடுக்கலாம் என்றார். டேவிட் மறுபடி சோறு கேட்டான். அப்படித்தான் நிச்சயமானது.

என்னை மன்னித்துவிடு சுந்தரி. ஜட்காவிலேயே சொல்லியிருக்க வேண்டியது. நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? அதையும் ஒரு வேடிக்கையாக்கித்தான் சொல்லியிருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை ரூபி ரவிக்கை அளவு கொடுக்க வருகிறாள். பத்திரிகை அச்சாகி அவள் கைக்குப் போவதற்குள் நானே அவளை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிவிடுவேன். அவளுடைய சின்ன மாமியார் யார் என்பதையும், பெரியவள் என்ன பேசினாள் என்பதையும். இன்னொரு வாக்கும் தருகிறேன். இந்த வீட்டில் அந்தப் பெண்ணின் நிறத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் பதில் சொல்வது என் வேலை. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்து உன்னோடு வாழ்ந்த,
உன் எஸ்தர் அக்கா