குடும்ப ராட்டினத்தின் எதிர்ப்பெட்டி

அனுப்புநர்:
சோ. மலையாண்டி,
த/பெ காலஞ்சென்ற சோணை,
ஒத்தக்கடை, மேலூர் ரோடு, மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: ஒத்தக்கடையில் வரும் பொங்கலன்று திறக்க இருக்கும் குடும்பப் பூங்காவின் ராட்டினத்தைச் சோதிக்காமல் ஆள் ஏற்றுவதைத் தடுக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்து வந்த மாசி அது. மதுரையில் இந்திச் சண்டையால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த மாசித் திருவிழாவில்தான் என் மகளைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினோம்.

2. திருவிழாவுக்குச் சுருளி என்பவர் புது மாதிரியான ராட்டினம் கொண்டுவந்திருந்தார். தொட்டிலுக்கு இருவர் என்பது மாறி, ஒரு வீடே சேர்ந்து உட்காரும்படி நான்கு பெரிய பெட்டிகள். "குடும்பத்தைப் பிரிக்காத ராட்டினம்" என்று கூவினார். என் மச்சான் வெள்ளைத்துரை, மாமன் சீரோடு சீராக ராட்டினம் முழுவதையும் எங்கள் சொந்தத்துக்கே பேசிவிட்டார். ஒரு பெட்டியில் என் தகப்பனார், தாயார், மனைவி ஒச்சாயி, அவள் மடியில் குழந்தை. எதிர்ப்பெட்டியில் மச்சான், அவர் மனைவி, அவரைப் பெற்றவர்கள். மற்ற இரண்டும் காலி. சீர்த்தட்டுக்குக் காவலாக நான் கீழே நின்றேன்.

3. எங்கள் பெட்டி உச்சிக்குப் போனது, மச்சான் பெட்டி தரையைத் தொட்டது. கூட்டத்தில் எவனோ ஒருவன், "என்னா மாமோய், சம்பந்தி காலு ஒங்க தலைக்கு மேல ஆடுது!" என்றான். மச்சான் ரோஷக்காரர். "பொண்ணத்தேன் குடுத்தோம், தலையையுமா குடுத்தோம்? எறங்குங்க எல்லாரும்!" என்று தன் வீட்டாரோடு இறங்கிவிட்டார். அரைச் சுற்றுப் பொறுத்திருந்தால் அவர் கால் எங்கள் தலைக்கு மேலே வந்திருக்கும். பொறுக்கவில்லை. எதிர்ப்பாரம் போனதும் எங்கள் பெட்டி தலைகீழாக வந்து தரையில் மோதியது. என் தகப்பனாரும் ஒச்சாயியும் அங்கேயே போய்விட்டார்கள். தாயார் இடுப்பு ஒடிந்து, கடைசிவரை நடக்கவில்லை. குழந்தை ஒச்சாயியின் கைக்குள் பிழைத்துக் கிடந்தது.

4. மச்சான் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் மனுஷன், கோபித்தார். நடுவில் இறங்க முடியாதபடி பெட்டிக்கு வெளித்தாழ்ப்பாள் வைக்காதவர் சுருளி. குடும்பம் என்றால் அதில் மாமனும் மச்சானும் சம்பந்தியும் இருப்பார்கள் என்று யோசிக்காமல் செய்தவரும் அவரே. விடியும் முன்பே ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

5. இப்போது ஒத்தக்கடைப் பூங்காவில் அதே நான்கு பெட்டி, இரும்பில் நிற்கிறது. உரிமையாளர் முத்துக்கருப்பன் என்று பலகையில் இருப்பதாக வாசித்துச் சொன்னார்கள். பேசுமுன் மூக்கைத் துடைத்து இடது தோளில் தடவும் பழக்கம் சுருளிக்கு உண்டு. இவருக்கும் உண்டு. நேரில் கேட்டேன். "ஆள் மாறிப் பேசுறீக பெருசு, அந்தப் பேர்ல எனக்கு ஆளே தெரியாது" என்றார். தாழ்ப்பாள் எங்கே என்றேன். "பெயிண்டு காயட்டும்" என்றார். பெயிண்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

6. மறுநாளே அவர் என் மகளின் மாமியார் வீட்டுக்கு மிட்டாயோடு போயிருக்கிறார். "காது குத்துன அன்னைக்குப் பொழச்ச பிள்ளை, மொதச் சுத்து அது குடும்பத்தோட சுத்தட்டும், போட்டோ பிடிப்போம்" என்றாராம். காதுகுத்து என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஆளே தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்? போட்டோ யாருடைய வாயை அடைக்க? சம்பந்தியம்மாள் அதற்குள் புதுச்சேலை எடுத்துவிட்டார். என் பேச்சு அங்கே எடுபடவில்லை.

7. ஆகவே ஐயா அவர்கள் சமூகம் பார்த்து, பொங்கலுக்கு முன் ராட்டினத்தைச் சோதிக்கவும், வெளித்தாழ்ப்பாள் போடும்வரை பூட்டி வைக்கவும், உரிமையாளரின் பழைய பெயரை விசாரிக்கவும் உத்தரவிட வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது. எழுதியவரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ரேகை வைக்கிறேன்.

இடம்: மதுரை
நாள்: 6.1.1986

இப்படிக்கு,
சோ. மலையாண்டி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சாட்சி: மச்சானும் போன ஐப்பசியில் காலமானார். அன்று இரண்டு பெட்டிகளிலும் ஏறியவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் ஒருத்திதான், பொங்கலன்று முதல் பெட்டியில் உட்கார வைக்கப்போகிற என் மகள் சீனியம்மாள்.