நண்டு வண்டிக்கு முன்னால் நடந்தவனுக்கு

என் தோஸ்து தேசப்பா,

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன மறு வருஷம் அது. கள்ளுக்கடைகளை எல்லாம் மூடிவிட்டு, ராயபுரத்தில் பாதிப் பேர் சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த வருஷம். அரிசிக்கு அப்போதும் ரேஷன்தான். சண்டைக்கு வந்த பட்டாளத்து ஜீப்புகளை டிஸ்போஸலில் குவியலாக ஏலம் விட்டார்கள். முன்பக்கம் நசுங்கிய ஒன்றை மாட்டு வண்டியின் பின்னால் கட்டி நாம் தண்டையார்பேட்டைக்கு இழுத்து வந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். நினைவிருக்கிறதா? உனக்கு இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். "யாருக்குத் தாத்தா?" என்று கேட்டார். "எனக்கு முன்னால் நடந்தவனுக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதனால் நமக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. தடுப்பதற்குக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒவ்வொன்றும் எருமை அளவு. சரிந்த கல்லைக் கயிறு கட்டி இழுத்த ஆட்களில் கால்விரல் முழுசாக இருந்தவன் குறைவு. நீ கப்பல் பட்டறைக் கருமான். நான் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். ஒருநாள் நீ சொன்னாய்: "வேலு, இந்தக் கல்லு மேல ஏறுற மாதிரி ஒரு வண்டி செய்வோம்பா."

"வண்டி இன்னா ஆடா, கல்லு மேல ஏற?"

"ஆடு இல்லடா கஸ்மாலம், நண்டு. நண்டு ஏறுதா இல்லியா?"

அப்படித்தான் அது நண்டு ஆனது. அந்த நசுங்கிய ஜீப்பில் பட்டாள லாரியின் பின் அச்சைக் கோத்தாய். வண்டியைத் தாங்குகிற கமான் பட்டைகளைக் காய்ச்சி வளைத்து, வண்டியை என் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாய். கல் குத்தாமல் இருக்க, உடைத்த கப்பலின் தகட்டை வயிற்றில் அடித்தாய். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டால் அது கல்லை உள்ளங்கைபோல் பிடித்துக்கொள்ளும் என்பதை நாமாகவே கண்டுபிடித்தோம். முதல்முறை ஏறியபோது பின்பக்கமாகச் சரிந்து கடல் தண்ணீரில் உட்கார்ந்தோம். "குளிக்க இட்டுகினு வந்தியா?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகுதான் அந்த முறை வந்தது. ஓட்டுகிறவனுக்குச் சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் நீ இறங்கி, வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பாய். வெறுங்கால். கல் ஆடுகிறதா என்று காலுக்குத்தான் தெரியும் என்பாய். நான் கல்லைப் பார்க்கக் கூடாது, உன் கையை மட்டும் பார்க்கவேண்டும். விரல் மடங்கினால் வா, உள்ளங்கை விரிந்தால் நில். ஆனால் பின்பக்கமாக நடப்பவனுக்கு அலை தெரியாதே. அது என் வேலை. அலை வந்தால் நான் ஹாரன் அடிப்பேன், நீ குந்திக் கல்லைப் பிடித்துக்கொள்வாய். என் கீழே நீ பார்த்தாய், உன் பின்னே நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் அப்படியே போவோம். அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா போவோம்.

புயல் மழை நாளில் மாரி என்கிற மீன்காரனின் படகைக் கடல் தூக்கிக் கல்மேல் எறிந்தது. படகுக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் கால். அவன் பெண்சாதி பட்டறைக்கே ஓடி வந்தாள். "இன்னாய்யா பாத்துகினு கீறீங்க? வண்டிய எடுங்கய்யா!"

எடுத்தோம். பாதி ஏறும்போதே ஸ்டியரிங் ராடு வளைந்துவிட்டது. சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. நீ கீழே புகுந்து ராடைத் தட்டி நிமிர்த்தி, கடப்பாறையை அதோடு சேர்த்துவைத்து, கட்டுவதற்குக் கம்பி தேடினாய். அவள் ஒரு வலைக்கயிற்றை நீட்டினாள். "இத்தக் கட்டு. நனைஞ்சா இறுகும்." இறுகியது.

ஆனால் ஹாரன் தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. நான் கத்தினால் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. ஹாரன் இல்லாமல் நீ முன்னால் நடக்கக் கூடாது என்றேன். நீ கேட்காமல் நடந்தாய். அப்போது அவள் மட்காட்டின்மேல் ஏறி நின்றுகொண்டாள். கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரல் அது.

"வருது! குந்து!" என்பாள். நீ குந்துவாய். அலை உன் தலைக்கு மேலே போகும். "போச்சு! எழுந்திரு!"

இரும்புக் கயிற்றால் படகை இழுத்தோம். மாரி நொண்டியபடியே ரொம்ப வருஷம் இருந்தான். நண்டை உப்புக் காற்று தின்றுவிட்டது. பெரிய கிரேன் வந்த பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது உன் சேதி. நீ போன அன்றைக்கு நல்ல மழை. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் உன்னை ஏற்றிவந்த வண்டி உள்ளே போகும் வழியெல்லாம் சேறும் உடைந்த சமாதிக் கல்லும். டிரைவர் தயங்கினான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பார்த்தபடி முன்னால் நடந்தேன்.

"பெர்சு, ஓரமா நில்லு. அடிபட்டுடப் போற."

"நீ வழியப் பாக்காத நைனா. என் கையப் பாரு."

சிரித்தான். அப்புறம் பார்த்தான். என் கண்ணில் புரை மூடியிருக்கிறது, ஆனால் காலுக்குத் தெரிந்தது. ஒரு பலகைக்கல் ஆடியது. உள்ளங்கையை விரித்தேன், நின்றான். ஸ்டியரிங்கை ஒடித்து வந்தான். நின்ற இடத்தில் இறங்கி, "எங்க கத்துகின பெர்சு?" என்று கேட்டான்.

"பின்னாடி படுத்துகினு கீறானே, அவன் கிட்ட."

அதற்குப் பிறகு திரும்பினேன் தேசப்பா. என் குதிகாலை ஒட்டி உனக்கு வெட்டிய குழி. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் உனக்கு முன்னால் நான் அதில் இருந்திருப்பேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. டிரைவரைக் குறை சொல்லமாட்டேன். முறையின் மறுபாதி அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து எனக்கு முதுகு கூசுகிறது. டீக்கடைக்குப் போனாலும் கன்டெய்னர் லாரி பின்னால் வருகிறதா, இல்லை கடல்தானா என்று தெரியவில்லை. வீட்டில் பேரன் பேத்தி எல்லாரும் இருக்கிறார்கள். நண்டு என்றால் குழம்பு என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல?

திருவொற்றியூருக்குப் பஸ் ஏறிப் போனேன். மாரி எப்போதோ போய்விட்டான். அவன் பெண்சாதி வாசலில் கருவாடு கூறு போட்டுக்கொண்டிருந்தாள். உன் சேதியைச் சொன்னதும் கையைத் துடைக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்யா எனக்குச் சொல்லல?"

"சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரமாட்டாங்களே."

"கல்லு மேல வந்தேன்ல? அன்னிக்கு எவன் தடுத்தான்?"

குழியைப் பற்றிச் சொன்னேன். கருவாட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: "முன்னாடி நடக்க எனக்குத் தெரியாது. பின்னாடி பாத்து கத்தத் தெரியும். உன்ன எடுத்துகினு போற வண்டிக்கு நான் வரேன் போ. எவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்."

நீ கவலைப்படாதே. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தலைமாட்டுக்கு வந்து நிற்பேன். உன் முதுகுப் பக்கம் பார்ப்பது என் வேலை. பார்வை முழுசாக மறைந்தாலும் அதை விடமாட்டேன், அவளைக் கூட்டிவந்து நிறுத்துவேன். நண்டு கல் ஏறியதைப் பார்த்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். இத்தனை வருஷமும் மாரி பெண்சாதி, மாரி பெண்சாதி என்றே சொல்லிவந்தோம், அவள் பெயரை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் கேட்கவில்லை. கிளம்பும்போது கேட்டேன்.

கனகு.

இப்படிக்கு,
உன் கையைப் பார்த்தே வண்டி ஓட்டிய மாமு,
வேலாயுதம்