மாதவிக்காக வாங்கிய டிரக்

கிடர்பூர்,
20-9-1999

சிரஞ்சீவி சாய்ராமுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கேயும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கை மாதவிக்கு இன்னும் பத்து நாள்தான் என்கிறாள் டாக்டர். மழை விட்டபாடில்லை, குவார்ட்டர்ஸ் வாசலில் முழங்கால் தண்ணீர், டெலிபோன் செத்து நாலு நாளாகிறது. போன வருஷம் டாக்ஸி தண்ணீரில் நின்றுபோய், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தலைச்சன் குழந்தை தங்காமல் போனதே, அதற்காகத்தானே அப்பா பட்டாள ஏலத்தில் அந்த டிரக்கை எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கும், வெள்ளத்தில் யானை மாதிரிப் போகும் என்றார். இப்போது அந்த யானைதான் முனகுகிறது.

விஸ்வகர்மா பூஜையன்று ஆரம்பித்தது. நாலு சக்கர லிவரைப் போட்டால் அடியில் கரகரவென்று அரைக்கிறது, கடக் கடக்கென்று இடிக்கிறது, லிவர் திரும்பி வரமாட்டேன் என்கிறது. மெக்கானிக் நிமாய்தா ஆயிலை மாற்றினார், ஷாஃப்டைக் கழற்றி மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. என்னிடம், கியர் பெட்டியைப் பிரிக்கணும் மாஷிமா, பதினைந்து நாள் ஆகும் என்கிறார். பதினைந்து நாளாம்! புதிதாக ஏதாவது மாற்றினீர்களா என்று அவர் கேட்டால் உன் அப்பா இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். பூஜைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று முன்னால் மட்டும் இரண்டு டயர் புதுசு போட்டார், வேறொன்றும் இல்லைதான். மாதவிக்குச் சோறு இறங்கவில்லை. நீ வண்டிப் பட்டறையில்தானே இருக்கிறாய், இதைப் பார்த்ததும் தந்தி கொடுடா கண்ணா, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

மறுநாள் எழுதுகிறேன். தபாலில் போடுமுன் படித்துப் பார்த்தேன், டயர் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு குடையோடு இறங்கி அளந்தால், புது டயர் சுற்றளவில் பின்னால் இருக்கும் மொட்டை டயரைவிட நாலு விரல் கூடுதல்! நிமாய்தா தலையில் அடித்துக்கொண்டார். லிவரைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றணுமாம், பெரிசும் சின்னதும் ஒன்றையொன்று இழுத்து மல்லுக்கட்டுகிறதாம். உன் அப்பாவும் நானும் சேர்ந்து கடைக்குப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள். பழைய டயர்களையே மாட்டினார், சத்தம் நின்றது.

அப்பா ஓட்ட, மாதவியை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் லேக் மார்க்கெட் வரை போய் வந்தோம். வழியெல்லாம் கண்ணை மூடி உற்றுக் கேட்டுக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்ததும், போன வருஷமே இது இருந்திருக்கக் கூடாதாம்மா என்று ஒரே அழுகை. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தந்தி வேண்டாம், லீவு போட்டு நீயே வா. தீர்க்காயுசாக இரு. வந்ததும் டயர் விஷயத்தைச் சொல்லி அப்பாவைக் கேலி பண்ணாதே. மாதவி அழுததைக் கேட்டவர் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

உன் அம்மா,
சாவித்ரி