நீ கேட்ட சம்பளம்

இன்று காலை, நாளைய ஆராதனைக்கு மெழுகுவர்த்தி எடுக்க சர்ச் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் உன் அட்டைப்பெட்டி. மூடியைத் தூக்கியதும் பாலிதீன் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே நாற்பது இயர்போன்கள். ஒவ்வொன்றையும் பனியன் மடித்துப் போடும் கவரில் போட்டு, வாயை ஒட்டி, பனியனுக்கு ஒட்டுகிற சைஸ் ஸ்டிக்கரையும் மேலே ஒட்டி வைத்திருக்கிறாய். எம், எல், எக்ஸ்எல். "ஏனப்பா, காதுக்குமா சைஸ் பாக்கறே?" என்று அன்றைக்குக் கேலி செய்தேன். "எம்முன்னா முன்னாடி பெஞ்சு, எல்லுன்னா நடு பெஞ்சு, எக்ஸ்எல்லுன்னா பின்னாடி பெஞ்சு. திருப்பி வாங்கறப்பக் கொழப்பம் வராது பாரு" என்றாய். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பெட்டியை மூடிவிட்டு, எதற்கு வந்தேன் என்பதே மறந்து, மெழுகுவர்த்தி எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்குச் சபைக் கூட்டம். யாரிடமாவது சொன்னால் தேவலை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. அதனால்தான் இந்தக் கடிதம்.

வெளி மாநிலத்துப் பிள்ளைகள் நம் சபைக்கு வர ஆரம்பித்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்வார். அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் எல்லோரும் "பாவம்" என்றோம். நீ ஒருவன்தான் ஏதாவது செய்யலாம் என்றாய். வாரம் முழுக்க ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பாய், சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து நேராக சர்ச்சுக்கு வந்துவிடுவாய். சில மாதங்களில் செய்து முடித்தாய். ஆயர் தமிழில் பேசப் பேச, பக்கத்து அறையில் இந்தி தெரிந்த நம் சபை நர்சம்மா அதை இந்தியில் சொல்வார். அந்தக் குரல் அவரவர் செல்போன் வழியாக அவரவர் காதுக்குப் போகும்.

முதல் ஞாயிறு ஆயர் ஒரு சிரிப்புக் கதை சொன்னார். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, பின்னாலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஆயருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நீ தூணோரம் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

அதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். "இது கட்டி முடிச்ச சொவரு இல்லப்பா, தறி மாதிரி. ஓட்டறவன் பக்கத்துலயே இருக்கோணும்" என்றாய். அப்படியே இருந்தாய், ஐந்து வருஷம். புதுப்புது செல்போன் வரும், ஏதோ ஒன்று நின்றுபோகும், நீ சனிக்கிழமை வந்து உட்கார்ந்து சரி செய்வாய். அதே சனிக்கிழமைகளில்தான் நாம் முன்வாசல் வளைவு கட்டினோம். கொத்தனார் மாலை ஐந்து மணிக்குக் கை கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார், சபைச் செயலாளராக நான் சம்பளம் கொடுப்பேன். கிரானைட் ஒட்டியவருக்குக் கொடுத்தேன். மைக் செட்காரருக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை ஆனால் ஊரே சம்பளம் வாங்குகிற ஊர் இது. நீ மட்டும் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரட்டுமா" என்று சொல்லிப் போவாய். உன் வேலை எங்கள் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை. சிமெண்டும் மணலும் இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னமோ.

மரியாதை செய்யாமல் விடவில்லை. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போவதற்கு முன்பு, உன்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினோம். அந்த யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நீ போன பிறகு அது ஒரு வருஷம் தானாக ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு நின்றது. பனியன் தைக்கிற என் பவர் டேபிள் யூனிட்டில் அயர்ன் போடுகிற சுனில், ஒடிசாக்காரன், ஆராதனை முடிந்ததும் வந்து காதைத் தொட்டுக் காட்டினான். "அண்ணா, குச் நஹீ, ஒண்ணும் வரலை. பாட்டு தெரியுது, பேச்சு தெரியலை." செல்போன் கம்பெனிக்காரர்கள் உள்ளே எதையோ மாற்றிவிட்டார்களாம். நானும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செஞ்சவர் வந்தாத்தான் ஆகும்" என்று சொல்லிப் போனார்கள். மாதா மாதம் பின்வரிசையில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு சுனிலும் வரவில்லை. திங்கட்கிழமை யூனிட்டில் கேட்டேன், தூங்கிவிட்டேன் என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்புறம்தான் உன் மகள் ஞாபகம் வந்தது. பி.எஸ்சி. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். நீ எழுதி வைத்ததெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. கமிட்டிக்கு வரச் சொன்னேன். வந்தாள். நோட்டுப் புத்தகம்கூடக் கொண்டுவரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"செய்யறேனுங்க. ஆனா சம்பளத்துக்குத்தான் செய்வேனுங்க. மாசம் ரெண்டு நாள் இதுக்குப் போயிரும். புதுசா ஒடியா பாஷையும் சேத்தோணும்னா இன்னும் ஆகும்."

கமிட்டியில் மூத்தவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தங்கமான மனுஷர், மெதுவாகத்தான் சொன்னார். "உங்கப்பா இதை ஊழியமாச் செஞ்சாரு சாமி. ஒரு பைசா கேட்டதில்ல."

"எங்கப்பா ஊழியம் செஞ்சாருங்க. அந்தச் சனிக்கெழமையெல்லாம் எங்கம்மா பனியன் கம்பெனியில ரெண்டு ஷிப்டு செக்கிங் வேலைக்குப் போனாங்க."

பண்டிகையில் எல்லோருக்கும் முன்னால் கௌரவிக்கலாம் என்று யாரோ இழுத்தார்கள். "சால்வைங்களா? எங்கூட்டு பீரோவுல அஞ்சு இருக்குதுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பிறகு ஒன்று சொன்னாள் பார். "எங்கப்பா வாயத் தொறந்து ஒரு தடவ கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்கன்னு அம்மா இன்னும் சொல்லீட்டிருக்காங்க. அவரு கேக்கலீங்க. அதனால நான் கேக்கறனுங்க."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் நான். நான் அல்லவா அப்போதே பேசியிருக்க வேண்டும்? மென்று முழுங்கினேன். கடைசியில், சபைக் கூட்டத்தில் வைத்து எல்லோரையும் கேட்டுவிடுவோம் என்று முடிவானது. அதுதான் நாளைக்கு.

ஹெட்மாஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் போன பிறகு என்னிடம் கேட்டார்: "காணிக்கைப் பையில விழறது கூலிக்குப் போறவங்க காசு. அதை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் குடுக்கறதா? இன்னைக்கு இந்தப் புள்ளைக்குக் குடுத்தா, நாளைக்குப் பாட்டு வாசிக்கறவரு கேப்பாரு, ஓய்வுநாள் பள்ளி டீச்சருங்க கேப்பாங்க. அப்பறம் அன்பாச் செய்யறதுன்னு எதுதான் மிஞ்சும்?" எனக்கு ஒன்று மட்டும் தெரிகிறது. என் யூனிட்டில் பன்னிரண்டு மிஷின் ஓடுகிறது. ஒரு டெய்லரை வரச் சொல்லி, இந்த ஆர்டரைக் கர்த்தருக்காகத் தைத்துக் கொடு என்று நான் சொன்னால் ஊர் என்னை என்ன சொல்லும்? அதையேதான் உன்னிடம் சொன்னேன், கொஞ்சம் மரியாதையான வார்த்தையில். தானாக மனமுவந்து செய்பவர் செய்யட்டும். ஆனால் மனமுவந்து செய்கிறார் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்வது வேறு. இப்படி நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நின்று பேசும்போது பாதி மறந்துபோகும்.

ஆனால் என்னை அரிப்பது இந்த வாதம் அல்ல. உனக்குத் தெரியும் எது என்று.

நீ கேட்டாய். மூன்றாவது வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் யூனிட்டில் வாரச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றாய். டெய்லர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு வந்தாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சின்ன வயதிலிருந்து வாடா போடா என்று பழகியவன், தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ முதலாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாய். "புள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்சிருக்குதுங்க. கமிட்டியில ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறீங்களா? மூணு வருசமாச் செய்யறதுக்கு ஏதாச்சும் பாத்துப் போட்டுக் குடுத்தா..." முடிக்கவில்லை நீ. நான் அவசரமாகச் சட்டைப் பையில் கைவிட்டேன். "கடன் கேக்கலீங்க" என்றாய். பாக்கலாம், பாக்கலாம் என்றேன்.

பார்க்கவே இல்லை. கமிட்டியில் அதை நான் வைக்கவே இல்லை. வைத்தால் உன்னைக் காசாசைக்காரன் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். உன் மரியாதையைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நண்பனுக்காகப் பரிந்து பேசுகிறான் என்று என்னைச் சொல்வார்களே என்ற பயம்தான் பெரிது. அந்த வருஷம் சால்வையை மட்டும் கொஞ்சம் விலை கூடியதாக வாங்கச் சொன்னேன். நீ அதன் பிறகு வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து இயர்போன்களைக் கவரிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாய். "என்னாச்சு" என்று நீ கேட்டிருந்தாலாவது திட்டு வாங்கியிருப்பேன். பிள்ளை இங்கேயே பக்கத்துக் காலேஜில் பி.எஸ்சி. சேர்ந்தாள்.

இன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு முறை வண்டியைத் திருப்பலாமா என்று நினைத்தேன். உன் மனைவி வேலைக்குப் போயிருந்தார். மகள்தான் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமலே சொன்னேன்.

"கண்ணு, உங்கப்பா கேட்டாரு. எங்கிட்டத்தான் கேட்டாரு. நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

"எப்பங்க மாமா?"

"நீ பன்னெண்டாவது முடிச்ச வருசம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போனாள். நான் கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை.

"நாளைக்கு இதை எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?"

"சொல்றேன். நீ கேக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுச் சொல்லீர்றேன்."

"செரிங்க" என்றாள். வாசல் வரை வந்தாள். நான் வண்டியை எடுக்கும்போது இன்னொன்று கேட்டாள். அதை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மாமா, அப்பா எப்படிங்க கேட்டாரு? ரொம்பக் கூச்சப்பட்டாரா?"

கழற்றிவிட்ட உன் செருப்பும், தரையைப் பார்த்த உன் தலையும் கண் முன்னால் வந்தன. அவளிடம் இனிப் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனவன் நான்.

"இல்ல கண்ணு. நேரா வந்தாரு, எம் மொகத்தப் பாத்து, நிமிந்து நின்னு கேட்டாரு."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உன் மகள் என்பது அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. "அப்படின்னா நானும் நாளைக்கு அப்படியே கேக்கறனுங்க" என்றாள்.

சபை என்ன சொல்லுமோ தெரியாது. கை தூக்குவார்களா, முணுமுணுப்பார்களா, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று என்னைச் செயலாளர் பதவியிலிருந்தே இறக்குவார்களா, ஒன்றும் தெரியாது. இறக்கினால் இறக்கட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் திரும்பவும் வரமாட்டாள், சுனிலும் வரமாட்டான். எனக்கு அந்தப் பயம்தான். நாளைக்கு அவள் தன் அப்பாவைப் போல நிமிர்ந்து நிற்பாள். நீ நின்ற விதம் என்னோடு இருக்கட்டும்.