விளக்கு வைப்பதற்கு முன் கேட்ட நெருப்பு

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட நஞ்சம்மாக்காவுக்கு,

சந்தைக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்த வாரத்திலேயே ஓலையை இறக்கி, மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாகத் தகரக் கொட்டகை வரப்போகிறது. வியாபாரி என்கிற முறையில் நானும் கேட்டது அதைத்தான். ஆனால் அதற்குள் படுத்துக்கிடந்தவர்கள் எங்கே போவார்கள் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

அவர்கள் பாகலூர் ரோட்டுப் புளியமரங்களுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டார்கள். கல்லாவிப் பக்கம் மழை பொய்த்து, காட்டை விட்டுவிட்டு வந்தாளே மாதம்மா, அவளும் அவள் மாமியாரும் பிள்ளைகளும். தங்கவயல் சுரங்கத்தில் இருமலை வாங்கிக்கொண்டு வந்த புட்டய்யா. இன்னும் நான்கைந்து குடும்பங்கள். கிழவர் இருமுவது ரோட்டில் போகிற வண்டிக்காரனுக்கும் கேட்கிறது. நம்மூர்க் குளிர் உனக்குத் தெரியாததா? கார்த்திகைக்கு அவர் தாங்குவாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

உன் முறை எனக்குப் பிடிபட்டதே இல்லை, அக்கா. வீட்டில் அடுப்பு திகுதிகுவென்று எரியும். நீ ராகிக் கூழை ஆறவைத்து, பானையோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு, பொழுது சாயும் முன்பே கிளம்புவாய். கொட்டகையில் யாராவது ஒருத்தர் அடுப்பில் கங்கு கேட்டு வாங்கி, மூன்று கல்லைக் கூட்டி, மறுபடியும் சூடாக்குவாய். ஒரே கூழுக்கு இரண்டு தடவை விறகா என்று நான் சத்தம் போட்டதுண்டு.

“சூடா எடுத்துட்டுப் போனா வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருவாங்கடா சென்னப்பா. ஆறிப் போயிருந்தாத்தான் நான் அவங்ககிட்டப் போயி ஒண்ணு கேக்க முடியும்” என்றாய். பைத்தியக்காரப் பேச்சு என்று நான் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு பார்த்தேன். கூழ் சூடாகிற நேரத்தில்தான் உனக்கு விஷயம் தெரியும். யாருக்குக் காய்ச்சல், யார் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகப் பயப்படுகிறாள், எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பாய். டாக்டரிடம் தமிழ், கம்பவுண்டரிடம் தெலுங்கு, புட்டய்யாவிடம் கன்னடம். நாங்கள் வியாபாரிகளும் ஒரு அமாவாசைக்கு அவர்களை வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டோம். சாப்பிட்டார்கள், எழுந்து போனார்கள். ஒருத்தர் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

கொட்டகை போன பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். புளி மாசியில்தான் வரும். அதுவரை என் கிடங்கு காலி. அதில் எலிதான் குடியிருக்கிறது, மனிதர் இருந்துவிட்டுப் போகட்டும். இதைச் சொல்ல உன் வழியிலேயே போவோம் என்று, புளி மண்டியை அடைத்துவிட்டு, ஆறிய கூழ்ப் பானையை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். கல்லைக் கூட்டினேன். மாதம்மாவிடம் போய், “ஒரு கங்கு குடும்மா, கூழு சூடு பண்ணணும்” என்றேன்.

“வெளக்கு வெச்சாச்சுங்களே மொதலாளி. இனிமே நெருப்பு குடுக்கறதில்ல” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கூழோடு கிடங்கையும் கொடுக்க வந்தவன் நான். “வெளக்கா? எந்த ஊட்டுல வெச்சே?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. மரத்தின் வேரிடுக்கில் ஒரு தகர மூடியில் திரி எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, “இந்த ஊட்டுலதாங்க” என்றாள். அடுப்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அடுப்புக்குப் போனேன், அதற்கடுத்த அடுப்புக்கும் போனேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். கிடங்கைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் மாதம்மாதான் சொன்னாள்: “நாளைக்கு ஒருநாள் இருப்போம். நாளான்னிக்குப் பெங்களூருப் பக்கம் போயிருவோம். கட்டட வேலை கெடைக்குதாம்.”

“புட்டய்யா நடப்பாரா?” என்றேன்.

கிழவர் கோணிக்குள் சுருண்டுகொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பானை நிறையக் கூழோடு வீடு திரும்பினேன். உன் தம்பி பெண்டாட்டி ஜெயம்மா பானையைத் திறந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஏங்க, வெளக்கு வெச்ச பெறகு நம்மூட்டு வாசல்ல யாராச்சும் நெருப்பு கேட்டா நான் குடுப்பனா? லட்சுமி வெளிய போயிருவான்னு வெரட்ட மாட்டேன்?”

“அவங்களுக்கு...” என்று தொடங்கினேன்.

“அவங்களுக்கு என்னா? அக்கா எதுக்குப் பொழுதோட ஓடிட்டு இருந்தாங்கன்னு நெனச்சீங்க? காத்து வாங்கவா?”

இருட்டில் உனக்குக் கண் தெரியாது, அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே போகிறாய் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்? நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அக்கா. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா?

மறுநாள் சந்தை நாள். கிராக்கி நிற்கும்போதே மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, வெயில் தணியும் முன்பே கிளம்பினேன். பானையை நானே தூக்கினேன். கேட்டேன். மாதம்மா ஓட்டுச்சில்லில் இரண்டு கங்கை எடுத்து என் கல்லுக்கு நடுவில் வைத்தாள். பிறகு என் ஊதலைப் பார்த்துச் சிரித்தாள். “மொதலாளிக்குப் புளி நிறுக்கத் தெரியும், நெருப்பு ஊதத் தெரியல.” அவளே உட்கார்ந்து ஊதிக் கொடுத்தாள்.

கூழ் கொதிக்கும்போது நான் என் பேச்சை எடுத்தேன். கிடங்கு மாசி வரைக்கும். உள்ளே நெருப்புக் கூடாது, கோணியும் பாயும் கிடக்கிற இடம், ஒரு பொறி போதும். பாதுகாப்புக்கு வெளியே என் ஆள் பூட்டு போடுவான், விடியற்காலையில் திறப்பான். புளி வந்ததும் பெண்கள் கொட்டை எடுக்கலாம், இருக்கிற இடத்துக்காகக் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

“அடுப்பு இல்ல, வெளிய பூட்டு. மாசி வந்தா எறக்கி வெளிய வெச்சிருவீங்க” என்றாள் மாதம்மா. “நாங்க என்னா மூட்டைங்களா?”

புட்டய்யா கோணிக்குள்ளிருந்து சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. “மூட்டைக்காவது வெலை உண்டு சென்னப்பா” என்றார் கன்னடம் கலந்த தமிழில். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உன்னிடம் கற்றுக்கொண்டிருப்பார்.

“அப்ப என்னா வேணும், சொல்லு” என்றேன்.

“அடுப்பு வேணும். எல்லாருக்கும் சேத்து ஒரு அடுப்பு இல்ல. அவங்கவங்களுக்கு.”

“கிடங்குக்குள்ள முடியாது. தலைகீழா நின்னாலும் முடியாது.”

“உள்ள யாரு கேட்டா? மேல தண்ணி படாம இருந்தாச் சரி.”

கிடங்கின் மேற்குச் சுவரையொட்டி வண்டி நிறுத்துகிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே தகரச் சாய்ப்பு இறக்கலாம் என்றேன். மாசிக்கு அப்புறம் அதையும் பிரிப்பீர்களா என்றாள். யோசித்தேன். வண்டியை முன்பக்கம் நிறுத்தினால் என் குடி மூழ்கிவிடாது. பிரிக்க மாட்டேன் என்றேன். இப்படி ஒவ்வொன்றாகப் பேசினோம். புளி மண்டியில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், இவ்வளவு கெட்டியான ஆளிடம் பேசியதில்லை.

எல்லாம் படிந்ததும், பழக்கதோஷம், மாட்டுச் சந்தையில் செய்வதுபோலத் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அடியில் விரல் பிடிக்கப் புட்டய்யா பக்கம் நீட்டினேன்.

“துண்டை எடுங்க மொதலாளி” என்றாள் மாதம்மா. “கைக்கும் கைக்கும் மட்டும் தெரிஞ்சா, நாளைக்கு இல்லேன்னு சொல்லிருவாங்க. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க.”

சொன்னேன். உன் வருஷத் திவசத்துக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஜெயம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். உன் புகழைப் பாட எனக்கு வராது. அதனால் இந்தப் பேச்சையே கடிதமாக எழுதி அச்சடிக்கக் கொடுக்கிறேன். இனி நான் பின்வாங்கினால் ஊரே என்னைக் கேட்கும்.

அவர்கள் பெங்களூர் போகவில்லை. மழை விட்ட மறுநாளே தகரம் ஏற்றிவிட்டோம். புட்டய்யாவை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். முதல் வேலையாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவரிடம் நான் பேசிய கன்னடத்தைக் கேட்டுக் கம்பவுண்டர் சிரித்தார். இன்னும் இருமுகிறார், ஆனால் நனையாமல் இருமுகிறார். கூழ் ஆறித்தான் போகிறது, பொழுதோடுதான் போகிறேன். என் காலம் உள்ளவரை இதை விடமாட்டேன், அக்கா. எனக்குப் பின்னால் யார் என்று கேட்காதே. அது இன்னும் பேசி முடியவில்லை.

பேசி முடிந்தது இவ்வளவுதான். கிடங்கு, மாசியில் முதல் புளி வண்டி வரும்வரை அவர்களுக்கு. மேற்குச் சாய்ப்பு எப்போதும் அவர்களுக்கு. கிடங்குக்குள் நெருப்பு இல்லை, சாய்ப்பில் வீட்டுக்கு ஒரு அடுப்பு. தாழ்ப்பாள் உள்பக்கம். கொட்டை எடுக்கிற கூலி ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், படுக்கிற இடத்துக்காக அதில் பிடித்தம் இல்லை. விளக்கு வைத்த பிறகு, உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், சென்னப்பனுக்கு நெருப்புக் கிடையாது.

இப்படிக்கு,
உனக்குப் பின் பிறந்த தம்பி,
சென்னப்பன்
புளி மண்டி, ஓசூர்