தெய்வானையைக் கேட்டவர் யார்?

2025 மே 4, ஞாயிறு

சிம்மக்கல்லில் வெயில் தாங்கவில்லை. டேங்க் நிரம்பி வழிந்தது. நான் படியேறுவதற்குள் மாடி வீட்டு சூரியபிரகாஷ் மோட்டாரை நிறுத்திவிட்டான். தையில் குடிவந்த பிள்ளைகள். அவன் துணி காயப்போடுகிறான், திவ்யா ஜம்மென்று உட்கார்ந்து ஐஸ் தின்கிறாள். இப்படியும் ஒரு புருஷன்!

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில் அம்மனுக்குத் தாலி ஏறியதும் நானும் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் திருமங்கலத்தில் சோலையம்மாளோடு குடித்தனம் நடத்தப் போய் இருபத்திரண்டு வருஷம். ஒரு வருஷம்கூட நான் தவறவிட்டதில்லை.

பிறகு குங்குமம், பூ, மஞ்சள் கயிறு எல்லாம் தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். திவ்யா கயிற்றைத் தொடவில்லை.

"எனக்குத் தாலி இல்லம்மா. நாங்க கல்யாணம் பண்ணிக்கல. புரோக்கர்தான் புருஷன் பொண்டாட்டின்னு சொன்னாரு. நாங்களும் பேசாம இருந்துட்டோம். அது தப்புத்தான்."

தட்டோடு இறங்கி வந்துவிட்டேன். என் வீட்டிலயா?

மே 9

சாமி அலமாரியில் முருகன், பக்கத்துக்கு ஒருத்தியாக வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இவரே வள்ளியைக் கூட்டி வந்து மாடி கேட்டால் என்ன செய்வேன்? ஆரத்தி எடுத்து அல்லவா கூப்பிடுவேன்! தினைப்புனத்தில் பழகியபோது எந்தத் தாலி?

மன்னிப்புக் கேட்க வந்த திவ்யாவிடம் இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள்: "ஆனா நாங்க ஒருத்தர ஒருத்தர் யானைய விட்டுப் பயங்காட்டலம்மா."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். யானையைக் கண்டு மிரண்டு, கிழவனாக வந்த முருகனை வள்ளி கட்டிக்கொண்ட கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். அவள் பயத்தை ஒரு தடவையும் நினைத்ததில்லை. திவ்யா சொன்னதைக் கேட்டால் முருகனே கொஞ்சம் நெளிவாரோ?

மே 11

வாய் பொறுக்காமல் பக்கத்து வீட்டில் உளறிவிட்டேன். அழகரைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் காதுக்கு அது போய்விட்டது.

"தாலி இல்லாம ஒருத்தன்கூட இருக்கவள வீட்டுல வச்சிருக்கியா? நம்ம மானம் என்னாகுறது? இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லு. முப்பத்தொண்ணாந்தேதி வந்து பாப்பேன்."

வீடு எங்கப்பா எனக்கு எழுதி வைத்தது. ஆனாலும் "சரிங்க" என்றேன். எதுக்குச் சரின்னேன்? மேலே போய்ச் சொல்லியும் விட்டேன். அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். அடுத்து வண்டியூரில் அவர் காதலி என்று ஊர் சொல்லும் துலுக்க நாச்சியாரிடம் தங்கல். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மே 15

இருவரும் வீடு தேடி அலைகிறார்கள். மூன்று இடத்தில் இல்லை என்றுவிட்டார்களாம். மனசு கேட்காமல் திவ்யாவிடம் கேட்டேன்: "கட்டு இல்லாம இருக்கியே, நாளைக்கு அவன் விட்டுட்டுப் போயிட்டா?"

"போயிட்டா, போயிட்டான்னு தெரிஞ்சிரும்லம்மா."

என் கதை அவளுக்குத் தெரியாது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. பொங்கலுக்கும் அழகருக்கும் வருகிறார், பீரோவில் இரண்டு சட்டை கிடக்கிறது — அதனால் இன்னும் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம். அவர் போனது எனக்குத் தெரியவே இல்லை.

தெய்வானையைப் பார்த்தேன். பரங்குன்றத்தில் முறைப்படி கட்டிக்கொண்டவள். வள்ளி வந்தபோது சந்தோஷமாக வரவேற்றாள் என்கிறது கதை. அவளையே கேட்டவர் யார்? தாயே, நீ சொல்லு. மாடியில் இருக்கிறதா தப்பு? எனக்கு நடந்ததா?

மே 31

வந்தார். "காலி பண்ணிட்டாங்களா?"

நடையிலேயே பையை நீட்டினேன். "அவங்க இங்கதான் இருப்பாங்க. இதுல உங்க சட்டை, வேட்டி, சவரச் சாமான் எல்லாம் இருக்கு."

"கிறுக்கு புடிச்சிருச்சா, பாண்டிமீனா? ஊரு என்ன சொல்லும்?"

"இருவத்திரெண்டு வருசமா உங்கள ஒண்ணுஞ் சொல்லலையே."

அவர் போன பிறகு அரைமணி நேரம் அழுதேன். அப்புறம் பசித்தது. நேற்றைய குழம்பு இருந்தது, சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

2026 ஏப்ரல் 28

திருக்கல்யாணம். திவ்யா கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். அம்மனுக்குத் தாலி ஏறியது. தட்டிலிருந்த குங்குமத்தையும் பூவையும் ஒருவருக்கொருவர் வைத்துவிட்டோம். இந்த வருஷம் கயிறு வாங்கவில்லை.